கணக்கு சரி, நிலம் எங்கே?

(திருவெறும்பூரில் சிறுதொழில் செய்வோரும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த அவையில், லினக்ஸ் கணினிகளின் ஹார்ட் டிஸ்க் பராமரிப்பு பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். திரையில் காட்டிய கட்டளைகள் இங்கே உச்சரிப்பின்படி தரப்பட்டுள்ளன.)

பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் ஐடிஐ தம்பிகளே, முன்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. வந்து உட்காருங்கள், பேச்சு கொஞ்சம் நீளம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "சார், சிஸ்டம் பூட் ஆகலைன்னு எஃப்எஸ்செக் போட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஒய்' குடுத்தேன். கடைசியில 'கிளீன்'னு வந்துச்சு. ஆனா ஃபைலைக் காணோமே!" சொல்கிறவர் முகத்தில் யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு கோபம் இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. 'கிளீன்' என்று அந்தக் கருவி சொன்னது கணக்கைப் பற்றி. இவர் தேடுவது சரக்கை.

டிஸ்க் நலமாக இருக்கிறதா, அதன்மேல் எழுதப்பட்ட கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா, நாம் வைத்த பொருள் வைத்தபடியே இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள். ஒன்றுக்கு உரிய கருவியை இன்னொன்றுக்குப் போடுவதால்தான் பாதிக்கும் மேற்பட்ட இழப்புகள் நடக்கின்றன என்பது என் அனுபவம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்தப் பேச்சைத் திருவெறும்பூரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு பெல் கொதிகலன் ஆலை இங்கே வந்தது. பின்னாலேயே துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. பெல்லை நம்பி துவாக்குடி வரைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. ஒரு பட்டறையின் உண்மையான சொத்து வெல்டிங் செட்டோ பெண்டிங் மெஷினோ என்று வெளியாள் நினைப்பான். முதலாளியைக் கேளுங்கள், டிராயிங் என்பார். எந்த ஆர்டருக்கு எந்தத் திருத்தம் வந்தது, கடைசியாக ஒப்புதலான டிராயிங் எது என்பதெல்லாம் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும். பல இடங்களில் அதில் டெபியனோ உபுண்டுவோ போட்டு, சாம்பா வழியாக மற்ற கணினிகளுக்கெல்லாம் பொதுக் கிடங்காக ஆக்கிவைத்திருப்பார்கள். லைசென்ஸ் செலவு கிடையாது, ஒருமுறை அமைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஓடுகிறது என்பதாலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீடுகளில் வேறு வழியாக லினக்ஸ் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்ட இந்திய லினக்ஸ் அது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு கதை. ஆனால் இன்று சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கும் சிலர் கறுப்புத் திரையை முதன்முதலில் பார்த்தது அந்த மடிக்கணினியில்தான்.

அடுத்த ஆண்டு, 2012, நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே பாதி நாள் மின்சாரம் இருக்காது. மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, பட்டறை டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் உண்டு. ஆனால் யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது மின்சாரம் போகும் நொடியில்தான் தெரியவரும். 'டப்' என்று எல்லாம் அணையும். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் எழுத்துக்கு நடுவிலேயே நிற்கும்.

அப்போது உள்ளே என்ன ஆகிறது? இதை விளக்க எனக்குத் தாலுகா அலுவலகத்தை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அதையொட்டி மே, ஜூன் வாக்கில் ஜமாபந்தி நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடுக்குவார்கள். ஜமாபந்தி அலுவலர் ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார். எஃப்எஸ்செக் செய்வது இதே வேலைதான். கட்டளையாக அடிக்கும்போது எஃப், எஸ், சி, கே என்று நான்கே எழுத்து.

எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். உபுண்டு, டெபியன் எல்லாவற்றிலும் நீங்கள் கேட்காமலேயே வருவது இதுதான். டிஸ்க்கை அது 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் உண்டு, அதை சர்வே எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு பதிவு இருக்கும். வழக்கமாக 256 பைட் அளவு. உரிமையாளர் யார், அளவு எவ்வளவு, எந்தெந்த சர்வே எண்களில் அந்தக் கோப்பு இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதுதான் பட்டா. இந்தப் பட்டாவில் கோப்பின் பெயர் மட்டும் இருக்காது! பெயர் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டர் என்பது 'இந்தப் பெயருக்கு இந்தப் பட்டா எண்' என்று எழுதிய ஒரு பட்டியல், அவ்வளவுதான். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு புத்தகத்துக்கு பிட்மேப் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு பிட். பூஜ்யம் என்றால் புறம்போக்கு, யாருக்கும் கொடுக்கலாம். ஒன்று என்றால் ஏற்கெனவே ஒருவர் பேரில் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் 32,768 பிட்கள் அடங்கும் என்பதால், 32,768 கட்டங்கள், அதாவது 128 எம்பி, சேர்ந்து ஒரு குரூப். இதற்கெல்லாம் மேலே சூப்பர்பிளாக் என்று ஒரு மொத்தக் கணக்கு. அது கெட்டால் டிஸ்க் முழுவதுமே அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பதால், சில குரூப்களின் தலையில் அதன் நகல்களை வைத்திருக்கிறார்கள். 4,096 பைட் கட்டமாக இருந்தால் முதல் நகல் 32,768-ம் கட்டத்தில், அடுத்தது 98,304-ல். 'சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது' என்று செய்தி வந்ததும் டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. எக்ஸ்ட் வகைக்கான எஃப்எஸ்செக்காகிய இ2எஃப்எஸ்சிகே கட்டளையில் 'பி' (b) விருப்பம் கொடுத்து 32768 என்று எழுதினால் நகலை வைத்தே வேலை தொடங்கிவிடும்.

புதிதாக ஒரு கோப்பு எழுதினால் பட்டாவில் ஒரு எழுத்து, பிட்மேப்பில் ஒரு எழுத்து, ஃபோல்டரில் ஒரு எழுத்து, மொத்தக் கணக்கிலும் ஒரு எழுத்து. நாலு புத்தகத்தில் நாலு பதிவு. இரண்டு முடிந்து மூன்றாவதுக்குப் போகும்போது கரண்ட் போனால்? புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். பட்டா இருக்கும், பெயர் இருக்காது. அல்லது நிலம் ஒருவர் பேரில் இருக்கும், பிட்மேப்போ புறம்போக்கு என்று சொல்லும். அந்த இரண்டாவதுதான் ஆபத்து. புறம்போக்கு என்று நம்பி லினக்ஸ் அதே இடத்தை இன்னொரு கோப்புக்குக் கொடுத்துவிடும், அப்போது ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா.

1970-களில் யூனிக்ஸ் காலத்தில் இந்த முரண்பாடுகளைக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்னக் கருவிகள் இருந்தன. கண்டுபிடித்ததைத் திருத்துவது மனிதன் வேலை. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டெட் கோவால்ஸ்கி எல்லாவற்றையும் சேர்த்து எஃப்எஸ்செக் எழுதினார். லினக்ஸுக்கு எக்ஸ்ட் என்ற முதல் முறைமையை 1992-ல் எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த ரெமி கார்ட், அடுத்த ஆண்டு எக்ஸ்ட்2. அதற்கான சோதனைக் கருவியை வளர்த்து இன்றுவரை பேணி வருபவர் தியோடர் ட்ஸோ.

அந்தக் கருவி ஐந்து சுற்று ஓடும். திரையில் 'பாஸ் 1', 'பாஸ் 2' என்று வரும், பார்த்திருப்பீர்கள். முதல் சுற்றில் பட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது சொல்லும் சர்வே எண்கள் சாத்தியமானவையா என்று பார்க்கும். நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். இரட்டைப் பட்டா பிடிபடுவதும் இங்கேதான். பிடிபட்டால் அது செய்வதைப் பாருங்கள்: நிலத்தையே நகல் எடுத்து இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடும். நம் வருவாய்த் துறைக்கு இந்த வசதி இல்லாமல் போனது துரதிர்ஷ்டம்! இரண்டு கோப்பில் ஒன்றின் உள்ளடக்கம் குப்பையாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு சரியாகிவிட்டது. இரண்டாம் சுற்று ஃபோல்டர் பட்டியல்கள். மூன்றாவது, எல்லா ஃபோல்டரும் வேர் ஃபோல்டரோடு தொடர்பில் இருக்கிறதா. நான்காவது, ஒவ்வொரு பட்டாவையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன. ஐந்தாவது, பிட்மேப்பும் மொத்தமும்.

பட்டா இருந்து பெயர் இல்லாதவற்றை என்ன செய்வது? 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற ஃபோல்டருக்குள் போட்டுவிடும். பட்டா எண்ணையே பெயராக வைத்து, முன்னால் ஒரு ஹேஷ் குறி போடும். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இப்படி ஒரு டிஸ்க்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர்களே எஃப்எஸ்செக் போட்டு, எல்லாவற்றுக்கும் 'ஒய்' கொடுத்து, கிளீன் என்று பார்த்துவிட்டு, டிராயிங் ஃபோல்டர் காலி என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். லாஸ்ட்+ஃபவுண்ட் என்று ஒன்று இருப்பதையே யாரும் திறந்து பார்க்கவில்லை. ரூட் ஆளுக்கு மட்டுமே திறக்கும் ஃபோல்டர் அது என்பதும் ஒரு காரணம். திறந்தால் வரிசையாக எண்கள். பெயரும் இல்லை, டிடபிள்யூஜி என்ற வால் எழுத்தும் இல்லை.

அங்கே உதவியது லினக்ஸில் உள்ள 'ஃபைல்' என்ற சின்னக் கட்டளை. கோப்பின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் தொடக்க எழுத்துகளைப் பார்த்து இனம் சொல்லும். ஆட்டோகேட் டிராயிங் ஒவ்வொன்றும் ஆறு எழுத்துக் குறியோடு தொடங்கும். ஏசி1015 என்றால் ஆட்டோகேட் 2000 வடிவம், ஏசி1018 என்றால் 2004, ஏசி1032 என்றால் 2018. வெறும் எண்களாகக் கிடந்ததிலிருந்து டிராயிங்குகள் தனியே பிரிந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து, வலது கீழ் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கில் டிராயிங் எண்ணும் திருத்த எண்ணும் பார்த்து, கையால் பெயர் வைத்தார்கள். டிராயிங் பிரிவில் இருந்த ஒரு பெண் அத்தனையையும் பொறுமையாக உட்கார்ந்து செய்தார். எல்லாம் திரும்ப வரவில்லை. சில திறக்கவே இல்லை.

ஏன் திறக்கவில்லை என்பதுதான் முக்கியமான இடம். ஜமாபந்தி நடப்பது தாலுகா அலுவலகத்தில், மேசைமேல். வயலில் இறங்கி யாரும் நடப்பதில்லை. காவிரி ஒரு வெள்ளத்தில் கரையோர நிலத்தை அரித்துக்கொண்டு போயிருக்கும். பட்டா இருக்கும், சிட்டா இருக்கும், 'அ' பதிவேட்டோடு அச்சாக ஒத்துப்போகும். நிலம் ஆற்றுக்குள் இருக்கும். எஃப்எஸ்செக் உங்கள் டிராயிங்கைத் திறந்து பார்ப்பதே இல்லை. கட்டத்துக்குள் கோடு இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்வது அதன் வேலையும் இல்லை.

சரி, ஓட்டும் முறைக்கு வருவோம். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கின்மேல் ஒருபோதும் இதை ஓட்டித் திருத்தக் கூடாது. மேசையில் ஒருவர் கணக்கை ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த மேசையில் இன்னொருவர் பட்டா மாறுதல் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். கருவி எச்சரிக்கும், நாம்தான் அவசரத்தில் 'ஒய்' அடிப்போம். தனி டிஸ்க் என்றால் யுமவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். லினக்ஸே குடியிருக்கும் ரூட் பகுதி என்றால் லைவ் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். அல்லது பூட் ஆகும்போது வரும் கிரப் திரையில் கெர்னல் வரியின் கடைசியில் 'எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்' என்று சேர்த்துவிட்டால், மவுண்ட் ஆவதற்கு முன்பே தானாகப் பார்த்துவிடும்.

முதல் ஓட்டம் எப்போதும் 'என்' விருப்பத்தோடு. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று தானே பதில் சொல்லிக்கொண்டு போகும், டிஸ்க்கில் எதையும் மாற்றாது. வெளியீட்டைப் படியுங்கள். நாலைந்து வரி, பிட்மேப் வித்தியாசம், இலவச இடத்தின் எண்ணிக்கை தவறு என்று இருந்தால் கவலையில்லை, 'பி' (p) விருப்பம் கொடுத்தால் பாதுகாப்பான திருத்தங்களைத் தானே செய்துகொள்ளும். பக்கம் பக்கமாக ஓடினால், 'கிளியர்?' என்று பட்டாக்களை அழிக்க அனுமதி கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் 'ஒய்' விருப்பம் என்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான். 'இஸட்' விருப்பத்தில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், மாற்றும் முன் பழையதை அதில் சேமித்துவைக்கும், பின்வாங்க ஒரு வழி இருக்கும். இந்த விருப்பம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு துணுக்கு: முடிந்ததும் கருவி ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். பூஜ்யம் என்றால் பிழை இல்லை. 1 என்றால் பிழை இருந்தது, திருத்தியாயிற்று. 4 என்றால் திருத்தாமல் விட்ட பிழை இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும்போது பூஜ்யம் இல்லாவிட்டால் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள்.

"இப்போதெல்லாம் கரண்ட் போனாலும் நொடியில் பூட் ஆகிவிடுகிறதே?" என்று கேட்கலாம். ஆம், ஜர்னல் வந்த பிறகு அப்படித்தான். எக்ஸ்ட்2 காலத்தில் திடீரென்று அணைந்த ஒவ்வொரு முறையும் முழு டிஸ்க்கையும் சோதித்தாக வேண்டும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அது மணிக்கணக்கில் நீண்டது. ஸ்டீபன் ட்வீடி எக்ஸ்ட்3-ல் ஜர்னல் என்ற ஒரு நாட்குறிப்பைச் சேர்த்தார். 2001-ல் அது அதிகாரபூர்வ கெர்னலுக்குள் வந்தது. நாலு புத்தகத்திலும் எழுதும் முன், எழுதப்போவதை நாட்குறிப்பில் எழுதிவிடும். இடையில் அணைந்தால், திரும்ப எழும்போது நாட்குறிப்பில் முழுமையாக இருப்பதை மீண்டும் செய்யும், அரைகுறையாக இருப்பதை விட்டுவிடும்.

ஆனால் நாட்குறிப்பு காப்பதும் கணக்கைத்தான்! 2009-ல் இது வெட்டவெளிச்சமானது. எக்ஸ்ட்4 அப்போது புதிது, 2008 டிசம்பரில்தான் நிலையானது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உபுண்டு 9.04 வெளிவருமுன் அதைச் சோதித்தவர்கள், கணினி உறைந்து மீண்டும் எழுந்தபோது, தங்கள் அமைப்புக் கோப்புகள் பூஜ்யம் பைட்டாக நிற்பதைப் பார்த்தார்கள். பெயர் இருக்கிறது, பட்டா இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எக்ஸ்ட்3 ஐந்து நொடிக்குள் எழுதிவிடும் பழக்கத்தில் இருந்தது. எக்ஸ்ட்4 வேகத்துக்காகவும், அடுத்தடுத்த இடமாக ஒதுக்குவதற்காகவும், எழுதுவதைத் தள்ளிப்போட்டது. பெரிய சண்டை. எழுதியது டிஸ்க்கில் சேர வேண்டும் என்றால் எஃப்சிங்க் என்று நிரல்தான் கேட்க வேண்டும், கேட்காத நிரலாளர் மேல்தான் தவறு என்றார் ட்ஸோ. விதிப்படி அவர் சொன்னது சரி. அப்புறம் அவரே, பழைய கோப்பின் மேல் எழுதும் வழக்கமான சந்தர்ப்பங்களில் உடனே எழுதிவிடும்படி கெர்னலை மாற்றிக் கொடுத்தார். எனக்கு அந்த இரண்டாவது காரியம்தான் பிடித்தது. கணினி வைத்திருப்பவனிடம் போய் விதி பேசி என்ன பயன்?

ஜர்னல் வந்ததால் இன்னொரு பழக்கமும் போயிற்று. முன்பு குறிப்பிட்ட முறை மவுண்ட் ஆனாலோ, 180 நாள் கடந்தாலோ, பூட் ஆகும்போது கட்டாயச் சோதனை நடக்கும். இப்போது வரும் பதிப்புகளில் அது தானாக அமைவதில்லை. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் 'எல்' கொடுத்துப் பாருங்கள், கடைசியாகச் சோதித்த தேதி வரும். பலர் கணினியில் அது டிஸ்க்கை ஃபார்மேட் செய்த நாளாகவே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறையாவது, ஆயுத பூஜைக்கு மெஷினையெல்லாம் துடைக்கிறீர்களே, அன்றைக்கு இதையும் செய்துவிடலாம். ஃபைல்சிஸ்டம் அட்டவணைக் கோப்பில், எஃப்எஸ்டேபில், ஒவ்வொரு வரியின் ஆறாவது எண்ணையும் பாருங்கள். ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2 இருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தால் பூட் ஆகும்போது அதை யாரும் பார்க்கவே போவதில்லை.

இனி டிஸ்க்கின் உடல்நிலை. ஹார்ட் டிஸ்க் தன் நோயைத் தானே குறித்துவைக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் 'ஏ' கொடுத்தால் நீண்ட பட்டியல் வரும். பயப்பட வேண்டாம், நாலு எண் போதும். 5: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197: படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பவை. 198: முடியாது என்றே கைவிடப்பட்டவை. இந்த மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இருந்து அப்படியே நின்றால் கவனியுங்கள், வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் கிளம்பிவிட்டது. நாலாவது 199. அது ஏறினால் டிஸ்க்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் கேபிள்தான். பவர் பிரஸ் ஓடும் பட்டறையில் தரை அதிர்ந்து கேபிள் தளர்வது சாதாரணம். கழற்றி மாட்டினாலே சரியாகலாம்.

ஸ்மார்ட்டை எவ்வளவு நம்பலாம்? 2007-ல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். ஆனால் அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல் முக்கியமான நாலு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே போயிருந்தன. எச்சரிக்கை வரவில்லை என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, அல்லது 197 ஏறுகிறது. இந்த நிலையில் எஃப்எஸ்செக் ஓட்டுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் கேடு. ஐந்து சுற்று என்றேனே, அத்தனையும் சாகக் கிடக்கும் தட்டின்மேல் ஊசியை ஓட்டுகிற வேலை. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் பட்டாவைச் செல்லாது என்று அது தள்ளிவிடவும் கூடும். முதலில் நகல் எடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி, சுலபமாகப் படிக்க வரும் இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு வைக்கும். எங்கே விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலை நல்ல டிஸ்க்கில் எடுத்தபின், எஃப்எஸ்செக்கை நகலின்மேல் ஓட்டுங்கள். சொதப்பினால் இன்னொரு நகல். சத்தம் போடும் டிஸ்க் என்றால் இதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, சுத்த அறை வைத்திருக்கும் மீட்புக்காரரிடம் போவதே நல்லது. செலவுதான். டிராயிங்கின் விலை என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எக்ஸ்ட்4-க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே எஃப்எஸ்செக் ஓட்டினால் ஒன்றுமே செய்யாமல் சரி என்று திரும்பிவிடும். அதற்குரியது எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர். அதில் பெரிய 'எல்' விருப்பம் நாட்குறிப்பையே அழிக்கும், கடைசி வழி அது. முதலில் ஒருமுறை மவுண்ட் செய்து பாருங்கள், நாட்குறிப்பு தானே ஓடிச் சரியாகலாம். எஸ்எஸ்டி என்றால் சத்தமும் இல்லை, முன்னறிவிப்பும் அபூர்வம், ஒருநாள் காலையில் பயாஸிலேயே தெரியாது. வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள், உபுண்டுவில் தானாக ஓடும்.

மூன்றாவது கேள்வி மிச்சம் இருக்கிறது: பொருள் வைத்தபடியே இருக்கிறதா? டிஸ்க் பிழை சொல்லாமலே தவறான தரவைத் திருப்பிக் கொடுப்பது உண்டா? உண்டு. லட்சுமி பைரவசுந்தரம் முதலான ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்ததில், நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை. டிஸ்க்கைக் கேட்டால் எல்லாம் நலம் என்றிருக்கும். இப்போதைய எக்ஸ்ட்4 தன் கணக்குப் புத்தகங்களுக்குச் செக்சம் போடுகிறது, உங்கள் டிராயிங்குக்குப் போடுவதில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இரண்டுக்கும் போடும். 'ஸ்கிரப்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்து ஒத்துப் பார்க்கும். இதுதான் வயலில் இறங்கி அளப்பது. எக்ஸ்ட்4-ஐ விட மனமில்லை என்றால், எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையால் எல்லாக் கோப்புக்கும் ஒரு முத்திரைப் பட்டியல் எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடுவதற்குத் தனி நிரல் வேண்டாம், அதே கட்டளையில் 'சி' விருப்பம்.

ஒப்பிட்டதில் மாறியிருந்தால் எடுத்து வைக்க இன்னொரு பிரதி வேண்டுமே. அது அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியில் இருந்தால் பிரதி ஆகாது. அதே அறையில் இருந்தால் ஓரளவுக்குத்தான் பிரதி. முதலாளி வீட்டு பீரோவில் ஒரு வெளி டிஸ்க், சனிக்கிழமை சம்பளம் போட்டதும் ஆர்சிங்க் கட்டளையால் அதில் நகல், திங்கட்கிழமை அதிலிருந்து ஏதாவது ஒரு டிராயிங்கைத் திறந்து பார்ப்பது. திறந்து பார்ப்பதை மறக்காதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காத வெளி டிஸ்க்குகள் ஊரில் நிறைய இருக்கின்றன.

கேள்விச் சீட்டுகளில் ஒன்றை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அக்காவுக்குக் கொடுத்த அரசு மடிக்கணினி, பாஸ் லினக்ஸ் பக்கம் பூட் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஃபோட்டோக்கள் அதில் இருக்கின்றன. எஃப்எஸ்செக் போடட்டுமா?" வேண்டாம். பல ஆண்டுப் பழைய டிஸ்க் அது. அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினால் இரண்டரை அங்குல டிஸ்க் வெளியே வரும். அதை யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு லினக்ஸ் கணினியில் மாட்டுங்கள். தானாக மவுண்ட் ஆவதை முன்பே நிறுத்திவையுங்கள். ஸ்மார்ட்டில் 5, 197, 198 பாருங்கள், அப்புறம் முழு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூவில் ஒரு நகல். நகலை 'ரீட் ஒன்லி'யாக மவுண்ட் செய்தால் பெரும்பாலும் ஃபோட்டோக்கள் அப்படியே தெரியும். தெரியாவிட்டால்தான் அந்த நகலின்மேல் எஃப்எஸ்செக், அதற்கும் பிறகு ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவி. பூட் ஆகவில்லை என்றால் ஃபோட்டோ போய்விட்டது என்று அக்காவிடம் சொல்லிவிடாதே தம்பி, விண்டோஸை மறுபடி நிறுவியிருந்தால் கிரப் அழிந்திருக்கவே அதிக வாய்ப்பு. கேஸ் இல்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்.